விரல் பணம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
19-1-1957

தம்பி கலியமூர்த்திக்கு அக்கா அஞ்சலாட்சி எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். பம்பாய்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, சளி விட்டதா என்று எழுது.

மாமாவின் வலது கை விரல் இரண்டுக்கும் மில்லில் ஒருவழியாகப் பணம் கொடுத்துவிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். நாலு மாதம் நடையாய் நடந்தேன். ஆபீசில் ஒருத்தன், "ரெண்டு வெரலுதானம்மா, கையா போயிடுச்சி?" என்றான். "உன் ரெண்டு வெரல இப்பிடி மேசமேல வையி, நான் ஆயிரத்தைந்நூறு குடுக்குறேன்" என்றேன். மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டான். பொங்கல் கழித்து மாமாவை அதே மிஷினில் நிற்க வைத்திருக்கிறார்கள். 

நாங்கள் குடியிருக்கும் வீட்டை சவரிராயன் முசே விற்கப் போகிறார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், உனக்குத் தெரியும். மகன் பாரீசுக்குக் கூப்பிட்டுவிட்டான். விலை ஆயிரத்து எண்ணூறு. பன்னிரண்டு வருஷமாக வாடகை தவறாதவள் என்று என்னிடம்தான் முதலில் சொன்னார். பாதிப் பணம் வாங்கமாட்டாராம். ஆனி மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் ரிஜிஸ்தர் செய்து தருகிறேன் என்கிறார். முந்நூறு குறைகிறது. அதை நான் எப்படியாவது புரட்டுவேன்.

அதுவரை பணத்தைப் பானையில் வைத்தால் கேட்டு வருகிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. நீ பம்பாயில் பங்கு விற்கும் சேட்டிடம் குமாஸ்தாவாக இருக்கிறாய். டிராப்டு இத்துடன் இருக்கிறது. சர்க்கார் கடன் பத்திரம் வாங்கி வை. பங்கு கிங்கு என்ற பேச்சே கூடாது. இது விரல் பணம். வாங்கியதும் பத்திரத்தின் நம்பரை எழுது.

அக்கா அஞ்சலாட்சி

பம்பாய்
3-2-1957

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கலியமூர்த்தி எழுதுவது. நான் சுகம். சளி விட்டது. உங்கள் இருவர் சுகமும் அறிய வேண்டும்.

டிராப்டு வந்து சேர்ந்தது. சொன்னபடி செய்துவிட்டேன். கவலைப்படாதே. இங்கே எங்கள் ஆபீசில் ஒரே கூட்டம். புதிய திட்டம், புதிய ஆலை என்று சர்க்கார் பணத்தைக் கொட்டுகிறது. பேங்குகள் கேட்டவனுக்கெல்லாம் கடன் கொடுக்கின்றன. கையில் காசு இருக்கிறவன் எல்லாம் பங்கு வாங்க வருகிறான். சேட் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

மாமா கைக் காயம் நன்றாக ஆறிவிட்டதா? இடது கையில் எழுதப் பழகிவிட்டார் என்று தெரிந்து சந்தோஷம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

தம்பி கலியமூர்த்தி

நெல்லித்தோப்பு
2-4-1957

கலியமூர்த்திக்கு ஆசி. இங்கு இருவரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு.

நம்பர் கேட்டேன், நீ சேட் நின்றுகொண்டு சாப்பிட்ட கதையை எழுதியிருக்கிறாய். அவர் படுத்துக்கொண்டு சாப்பிட்டால் எனக்கென்ன? நம்பரை எழுது.

மாமா உனக்கு எப்போது கடிதம் எழுதினார்? என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டால், "பொங்க வாழ்த்து போட்டேன்" என்கிறார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் என்ன பொங்கல் வாழ்த்தோ.

நேற்று முதல் நயா பைசா வந்துவிட்டது. பெரிய மார்க்கெட்டில் ஒரே சண்டை. ஓரணாவுக்கு ஆறு பைசாவா ஏழு பைசாவா என்று கீரைக்காரியும் நானும் கட்டிப்புரளாத குறை. இப்போது வருவதெல்லாம் புதுச் சட்டம், புதுக் காசு. பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை, கணக்கே மறந்துவிடும் போலிருக்கிறது. ஆகையால் என் பணம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதாவது எனக்குத் தெரியவேண்டும்.

அக்கா

நெல்லித்தோப்பு
19-5-1957

தம்பிக்கு ஆசி. இருவரும் சுகம். என் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாக நீ ஒரு வரி பதில் போடவில்லை. போகட்டும், இன்று உன்னைத் திட்டப் போவதில்லை. நல்ல சேதி.

ரிசர்வ் பேங்க் வட்டியை ஏற்றிவிட்டதாமே! மூன்றரையாக இருந்தது நாலு ஆகிவிட்டதாம். முடிதிருத்தும் கடையில் சாமிக்கண்ணு பேப்பரை உரக்கப் படித்தான். எல்லாரும் "நமக்கென்னாடா" என்று சிரித்தார்கள். தெருவில் நின்ற எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. தேசம் பூராவுக்கும் வட்டி ஏறினால் என் பத்திரத்துக்கும் ஏறத்தானே வேண்டும்? முந்நூறு ரூபாய்க்கு நான் யார் காலில் விழுவது என்று தவித்தேன். தானாகவே வந்துவிட்டது.

நல்ல வேளை. தேங்காய் மண்டி கோவிந்தராசு இரண்டாயிரம் தருவதாக முசேவிடம் ஆள் விட்டிருக்கிறான். நான் நேரே போனேன். "முசே, சொன்ன சொல்லு மாறலாமா? நானும் ரெண்டாயிரம் தர்றேன்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன்கிட்ட ஏதும்மா அம்மாம் பணம்?" என்றார். "சர்க்காரு வட்டிய ஏத்திட்டான், நீங்க பேப்பரு பாக்கலியா?" என்றேன். என் கம்மலை அடகு வைத்து நூறு ரூபாய் அச்சாரம் கொடுத்துவிட்டேன். பாக்கியை ஆனி முப்பதுக்குள் கொடுக்காவிட்டால் அச்சாரமும் போச்சு, வீடும் போச்சு. காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

மாமாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

இப்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கிறது? நம்பரும் எழுது.

அக்கா அஞ்சலாட்சி

பம்பாய்
25-5-1957

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம். உன் கடிதம் கிடைத்தது. என்னைக் கேட்காமல் ஏன் அச்சாரம் கொடுத்தாய்?

வட்டி ஏறினால் பழைய பத்திரத்துக்கு ஏறாது அக்கா. அதில் மூன்றரை என்று அச்சடித்தது அச்சடித்ததுதான். இனி வருகிற புதிய பத்திரத்துக்கு வட்டி கூடக் கிடைக்கும். கூடக் கிடைப்பதை விட்டுவிட்டுக் குறைவாகக் கிடைக்கும் பழைய காகிதத்தை முழு விலை கொடுத்து எவன் வாங்குவான்? பெரிய மார்க்கெட்டில் காலை மீன் விற்றுக்கொண்டிருக்கும்போது புதுப் படகு மீன் வந்து இறங்கினால் என்ன ஆகும்? காலை மீனை விலை குறைத்துத்தானே தள்ளவேண்டும். அந்த மாதிரி நூறு ரூபாய்ப் பத்திரம் இன்று தொண்ணூற்றைந்துக்குப் போகிறது. வட்டி ஏறியதால்தான் விலை இறங்கியது.

பங்கு மார்க்கெட் இன்னும் மோசம். ரிசர்வ் பேங்க் வட்டியை ஏற்றினால் மற்ற பேங்குகளும் கையை இறுக்கிக்கொள்கின்றன. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவனிடம் "பணத்தைக் கட்டு" என்று நிற்கிறார்கள். அவன் எதை விற்பான்? பங்கைத்தான். எல்லோரும் ஒரே நாளில் விற்க வருகிறார்கள், வாங்க ஆளில்லை. பட்ஜெட்டில் போட்ட புது வரியும் சேர்ந்துகொண்டது. நேற்று ஒரு சேட் எங்கள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

முசேவிடம் தவணை கேட்டுப் பார். மாமாவோடு உட்கார்ந்து பேசு. நீங்கள் இருவரும் பேசுவது நல்லது.

கலியமூர்த்தி

நெல்லித்தோப்பு
31-5-1957

கலியமூர்த்திக்கு. சுகம்.

என் பத்திரம் மீனா? நாலு மணி நேரத்தில் நாறிப்போவதற்கு அது மீனா? சர்க்கார் முத்திரை போட்ட காகிதமடா! பிரெஞ்சுக்காரன் இருந்தபோது கஜானாவில், திரெசோரில், நம் அப்பா 'போன்' என்று ஒரு கடன் சீட்டு வாங்கி வைத்திருந்தார். நூறு ரூபாய் போன். எந்த நாள் கொண்டுபோய் நீட்டினாலும் நூறு ரூபாயை எண்ணி வைத்தான். அன்றைக்கு யார் எந்த வட்டியை ஏற்றினான் என்று அவனும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தானே சர்க்கார் பத்திரம் என்று உன்னிடம் சொன்னேன். போன் என்றாலும் பத்திரம் என்றாலும் ஒன்று என்று நினைத்தது என் முட்டாள்தனம். பம்பாயில் உட்கார்ந்திருக்கும் நீ ஏன் அன்றே சொல்லவில்லை?

வட்டியை ஏற்றியவன் யார்? அவன் பேரைச் சொல். நெல்லித்தோப்பில் ஒருத்தி வீடு வாங்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியுமா? விலைவாசி ஏறுகிறது, அதை அடக்கத்தான் ஏற்றினோம் என்கிறானாம், சாமிக்கண்ணு படித்தான். அரிசி விலை இங்கே ஒரு காசு இறங்கவில்லை. என் வீடு ஒன்றுதான் இறங்கியிருக்கிறது.

சரி, கணக்குப் பார்க்கிறேன். நூற்றுக்கு ஐந்து போனால் ஆயிரத்து ஐந்நூறுக்கு எழுபத்தைந்து. ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து வரும். உடனே விற்று அனுப்பு. மீதிக்கு என் கழுத்தில் இருப்பதையும் வைப்பேன்.

இன்னொன்று. நான் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். நீ ஒரு பக்கம் பங்கைப் பற்றி அழுதிருக்கிறாய். அது எனக்கெதற்கு? நாலாவது முறையாகக் கேட்கிறேன், நம்பர் என்ன?

அஞ்சலாட்சி

பம்பாய்
29-6-1957

அக்காவுக்கு நமஸ்காரம். சுகம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய்க்கு டிராப்டு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான். விலை திரும்பும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன், திரும்பவில்லை. ஏன் இவ்வளவு குறைந்தது என்று கேட்காதே. என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

கலியமூர்த்தி

நெல்லித்தோப்பு
16-7-1957

கலியமூர்த்திக்கு.

சுகம் விசாரிக்கமாட்டேன்.

தொள்ளாயிரத்துப் பத்து. நீயே எழுதிய கணக்குப்படி வரவேண்டியது ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து. நடுவில் ஐந்நூற்றுப் பதினைந்து எங்கே? பத்திரம் வாங்கியிருந்தால்தானே நம்பர் இருக்கும். என் தலையில் களிமண்ணா இருக்கிறது? பங்கு வாங்கிச் சூதாடினாய். உடன்பிறந்தவள் வேண்டாம் வேண்டாம் என்று எழுதியும் ஆடினாய். மாமாவின் விரலை மிஷின் ஒரு தடவை தின்றது, நீ இரண்டாம் தடவை தின்றாய். மிஷினுக்காவது கண் இல்லை.

ஆனி முப்பதோடு போயிற்று. முசே அச்சாரத்தைத் திருப்பித் தருகிறேன் என்றுதான் சொன்னார். கோவிந்தராசு, "எழுதின எழுத்து எழுத்துதான முசே?" என்று நடுவில் வந்து நின்றான். அவர் பணத்தை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார். வீடு கோவிந்தராசுக்கு. ஆவணி பிறந்ததும் காலி செய்யவேண்டும். தேங்காய் அடுக்கப் போகிறானாம். நான் பன்னிரண்டு வருஷம் மெழுகிய வீட்டில்.

உன் மாமா ஒரு வார்த்தை உன்னைத் திட்டவில்லை. நான் திட்டும்போதும், "வுடு அஞ்சல, சின்னப் பையன்" என்கிறார். அந்த மனுஷனின் பெருந்தன்மைக்கு நீ செய்த துரோகத்தை நினைத்துப் பார். இனி எனக்குத் தம்பி இல்லை. எழுதாதே.

அஞ்சலாட்சி

பம்பாய்
10-8-1957 (கார்டு)

அக்காவுக்கு. எழுதாதே என்றாய், இருந்தாலும் எழுதுகிறேன். மாதா மாதம் பதினைந்து ரூபாய் மணியார்டர் அனுப்புகிறேன். போன மாதம் அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டாய். இதையாவது வாங்கிக்கொள். உன் கோபமெல்லாம் என்னோடு நிற்கட்டும். மாமாவை ஒன்றும் சொல்லிவிடாதே.

க.

கதிர்காமம்
22-9-1957

தம்பி கலியமூர்த்திக்கு அக்கா எழுதுவது.

விலாசம் மாறியதைப் பார்த்திருப்பாய். ஆவணியில் இங்கே வந்துவிட்டோம். ஓர் அறை, கூரை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. மில்லுக்கு மாமா இரண்டு மைல் கூட நடக்கிறார்.

வீட்டைக் காலி செய்த அன்று மாமாவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கினேன். அடித்தகடு கழன்று விழுந்தது. தகட்டுக்குக் கீழே உன் கடிதம். மில் விலாசத்துக்கு நீ அவருக்கு எழுதியது. தேதி பிப்ரவரி மூன்று. எனக்கு எழுதிய அதே நாள். நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், படி:

"மாமாவுக்கு நமஸ்காரம். நீங்கள் எழுதியபடி ஆலைப் பங்கு வாங்கிவிட்டேன். சேட்டிடம் ஐந்நூறு கடன் சேர்த்து இரண்டாயிரத்துக்கு வாங்கச் சொன்னீர்கள், அப்படியே செய்திருக்கிறேன். எனக்கு இதில் மனசில்லை. இரண்டு தடவை வேண்டாம் என்று எழுதினேன், இது உங்கள் விரல், உங்கள் பணம் என்பதால் மேலே பேச முடியவில்லை. அக்கா நம்பர் கேட்டால் என்ன சொல்வேன்? ஒன்றும் சொல்லாதே, சத்தியம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி மாமா. சொல்லமாட்டேன்."

நடுத்தெருவில், மாட்டு வண்டி பக்கத்தில், சாமான்களின் நடுவே நின்று படித்தேன். உன்மேல் இருந்த கோபமெல்லாம் அவர்மேல் திரும்பியது. நெல்லித்தோப்பே கூடி நிற்கிறது. நான் விடவில்லை. "ஏன்யா பண்ண? ஏன் பண்ண? சர்க்காரு பத்திரம்னு நான் தலதலையா அடிச்சிக்கிலியா? பொறந்தவன நாய விட்டு வெரட்டுற மாதிரி வெரட்டுனனே, அப்பவாவது வாயத் தொறந்தியா?" என்று கத்தினேன். கையில் விளக்குமாறு இருந்தது. ஓங்கியும்விட்டேன்.

அவர் தடுக்கவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு வெரலுக்கு ஆயிரத்தைந்நூறு. அப்ப ஒரு வெரலு எழுநூத்தம்பது. நமக்குக் கொறையிறது முந்நூறு. அர வெரலு இருந்தா வீடு வந்துடும்னு கணக்குப் போட்டேன், அஞ்சல. பொங்க கழிச்சி மிஷினுக்குத் திரும்புனேன் இல்ல, ரெண்டு நாளு சுண்டு வெரல நீட்டிக்கினு அதும் முன்னாடி நின்னேன். கிட்டக் கொண்டுபோவேன், பயந்து இழுத்துக்குவேன். மூணாவது நாளு தம்பி நெனப்பு வந்துச்சி. அங்க பங்கு ஏறுதுன்னு சொல்றாங்களே, வெரலப் போடறதுக்கு அதப் போட்டுப் பாப்போம்னு எழுதுனேன்."

விளக்குமாறு என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. ஆபீஸ்காரனிடம், உன் விரலை வை நான் பணம் தருகிறேன் என்று பேசியவள் நான். அதை வீட்டுக்கு வந்து இவரிடம் சிரித்துச் சிரித்து நாலு தடவை சொல்லிக் காட்டியவளும் நான். முந்நூறு குறைகிறதே, முந்நூறு குறைகிறதே என்று காலையும் மாலையும் புலம்பியவளும் நான்தான். மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்.

இப்போதும் கோபம் போகவில்லை கலியமூர்த்தி. உன்மேல் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. சத்தியம் பெரிதா, அக்கா பெரிதா? ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அச்சாரம் கொடுத்திருப்பேனா? அவர்மேல் நிறைய இருக்கிறது. விரலை விலை பேசிய மில்காரன்மேல் இருக்கிறது. வட்டியை ஏற்றியவன்மேல் இருக்கிறது, அவனுக்கு என் விலாசம்கூடத் தெரியாது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. பகலெல்லாம் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறேன். அவர் பொறுக்கி வைக்கிறார்.

பங்கு விற்றதில் சேட்டின் கடன் போக மிஞ்சிய தொள்ளாயிரத்துப் பத்தை நான் தொடவில்லை. இங்கே தபாலாபீசில் போட்டுவிட்டேன். வட்டி குறைவுதான். கேட்ட அன்றைக்குப் போட்டதைப் போட்டபடி எண்ணி வைக்கிறான், மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கணக்குப் புத்தகத்தின் நம்பரை மனப்பாடம் செய்திருக்கிறேன். பதினைந்து ரூபாய் அனுப்பு, இனித் திருப்பமாட்டேன். தீபாவளிக்கு வந்துவிடு. வந்தால் முதலில் அடிப்பேன், பிறகுதான் சோறு.

தினமும் மில்லிலிருந்து வந்ததும் இவர் கையைப் பிடித்துப் பார்க்கிறேன். அவர் கூச்சப்படுகிறார். நான் விடுவதில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுக்கிறேன்.

இன்றைக்கு எட்டு இருக்கிறது. மாமா எட்டு விரலோடு சுகம். நான் சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உண்மையை எழுது.

அக்கா அஞ்சலாட்சி